அண்ணனின் பயமும் என் தைராய்டும்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகப்போகிறது. திதிக்கான அழைப்போடு சேர்த்தே இந்த நினைவு மலரையும் அனுப்புகிறோம். இதைப் பிரித்துப் படிக்கும் சொந்தபந்தங்களுக்கும், அண்ணனின் கடைக்கு வந்துபோன வியாபார நண்பர்களுக்கும், அவருடன் படித்தவர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம்.

அண்ணனின் உழைப்பையும் உதவும் குணத்தையும் பற்றி மற்றவர்கள் இந்த மலரில் எழுதியிருக்கிறார்கள். நான் எழுதப்போவது வேறு. அண்ணன் மிகவும் பயந்த மனிதர். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது, அது என்ன செய்தது என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். இதையெல்லாம் மலரில் போடலாமா என்று அம்மா தயங்கினார். அண்ணனின் மனைவியான மதினிதான், "எழுதும்மா. அவுக இருந்தா அதத்தான் மொதல்ல எழுதச் சொல்லியிருப்பாக" என்றார்.

திருச்சுழிக்குக் கிழக்கே, மழை பெய்தால் பருத்தியும் கொத்தமல்லியும் விளைகிற, பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம் மட்டும் நிற்கிற ஒரு கரிசல் ஊரில் அண்ணன் பிறந்தார். அப்பாவுக்கு அங்கே கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. பந்தல்குடியில் ரோட்டோரமாகப் புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை விற்கிற கடையும் இருந்தது. அக்காதான் மூத்தவர். மூன்று வருடம் கழித்து அண்ணன். அதற்கும் ஒன்பது வருடம் கழித்து நான்.

சின்ன வயதில் அண்ணனுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாதாம். கமலைக் கிணற்றின் மேட்டிலிருந்து தலைகீழாகக் குதிப்பாராம். மாட்டுக்கொம்பைப் பிடித்துத் தொங்குவாராம். "பதிமூணு வயசு வரைக்கும் அவன் எதுக்கும் பயந்து நான் பாத்ததில்ல" என்று அம்மா சொல்வார். அண்ணனுக்குப் பதிமூன்று வயதானபோதுதான் அக்கா இறந்தார்.

எனக்கு அக்காவின் முகம் நினைவில்லை. அப்போது எனக்கு நான்கு வயது. அக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாம் அண்ணன் சொன்னவை. பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று மெலியத் தொடங்கியிருக்கிறார். ஆனால் வீட்டில் எல்லோரையும் விட அதிகமாகச் சாப்பிட்டாராம். மார்கழி மாதத்திலும் வேர்க்கிறது என்று ஈரத்தரையில் படுப்பாராம். கையில் எடுத்த டம்ளர் நடுங்கும். கண்கள் பெரிதாகி, எதையோ பார்த்துத் திகைத்தவர் போலவே இருந்தாராம். படிப்பில் கெட்டிக்காரர், புத்தகத்தை எடுத்தால் எழுத்து ஓடுகிறது என்று வைத்துவிட்டாராம். தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். காத்துக்கருப்பு அண்டியிருக்கிறது என்றார்கள். யார் மேலோ ஆசைப்பட்டு வெளியே சொல்ல முடியாமல் தவிக்கிறாள் என்றும் சொன்னார்கள். இந்த இரண்டாவது பேச்சுக்குப் பயந்துதான் அப்பா அக்காவை எந்த ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போகவில்லை. கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். கடையில் சத்து டானிக் வாங்கிக் கொடுத்தார்கள்.

ஒருநாள் காய்ச்சல் அடித்தது. சாயங்காலத்துக்குள் அக்கா சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கிவிட்டார். வாந்தி நிற்கவில்லை. வேன் பிடித்து அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனபோது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அண்ணன். "நாடி என் வெரலுக்குக் கீழ ஓடுச்சு பாப்பா. எண்ண முடியாத வேகம். பாலம் தாண்டும்போது நின்னுருச்சு" என்று பல வருடம் கழித்து ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அக்காவின் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது. படங்களை எல்லாம் அப்பா டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். பள்ளிக்கூடத்தில் எடுத்த சின்னப் போட்டோ ஒன்றை மட்டும் அண்ணன் எடுத்து மறைத்து வைத்துக்கொண்டார்.

பன்னிரண்டாவது முடித்ததும் அண்ணன் கடைக்கு வந்துவிட்டார். எனக்குப் பதினான்கு வயதானபோது அவருக்கு இருபத்து மூன்று. நான் ஒன்பதாம் வகுப்பு. அந்த வருடம் எனக்கு அடங்காத பசி. மூன்றாவது முறை சோறு கேட்டால் அம்மாவுக்குச் சந்தோஷம். பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்திக்கொண்டேன். வளர்கிற பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்றார் அம்மா. என் கையெழுத்து கெட்டுப்போனது. டீச்சர் நோட்டைத் தூக்கிக் காட்டிக் கேட்டபோது எனக்கே அது யாருடைய எழுத்தோ போல இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். சின்னப் பேச்சுக்கெல்லாம் அழுகையும் கோபமும் வரும். இதெல்லாம் ஒரு நோய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் குணமே கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் சாப்பிட வந்தார். நான் ரசம் ஊற்றினேன். கை ஆடி, ரசம் அவர் மணிக்கட்டில் கொட்டியது. கொதிக்கிற ரசம். அண்ணன் கையை உதறவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைய நீட்டு தாயி."

நீட்டினேன்.

"வெரல விரிச்சு நேரா வையி."

அன்றைய பேப்பரிலிருந்து ஒரு தாளை உருவி என் விரல்களின் மேல் வைத்தார். தாள் படபடவென்று ஆடியது. எழுந்துபோய் ஃபேனை அணைத்துவிட்டு வந்தார். தாள் நிற்கவில்லை. அண்ணன் கொல்லைப்பக்கம் போனார். அவர் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. நான் என்ன தப்பு செய்தேன் என்று தெரியாமல் கரண்டியோடு நின்றேன்.

அன்று கடையிலிருந்து அப்பா வந்ததும் அண்ணன் சொன்னார்.

"அப்பா, பாப்பாவ மதுரைக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"எதுக்கு?"

"மெலியுது. கை நடுங்குது. கண்ணப் பாருங்க. அக்காவுக்கும் இப்படித்தான..."

"வாய மூடுறா." அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "வெயிலுக்குப் புள்ள வாடிக் கெடக்கு. இல்லாத சீக்க நீயே வரவழைக்காத. ஊரு வாயில இன்னொருக்கா விழ என்னால ஆகாது."

மறுநாள் காலை அண்ணன் கடையைத் திறக்கவில்லை. பள்ளிக்கூடம் போகக் கிளம்பிய என்னை அப்படியே யூனிஃபாரத்தோடு மதுரை பஸ்ஸில் ஏற்றினார். அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தார். காரியாபட்டியில் வேலைக்குப் போகிறவர்கள் ஏறிக் கூட்டம் நெரித்தது. மூச்சு முட்டுகிறது என்றேன். அண்ணன் ஜன்னலோரம் இருந்தவரிடம் கெஞ்சி எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். வழியெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மதுரையில் நாங்கள் பார்த்தது ஹார்மோன் நோய்களுக்கான ஒரு பெண் மருத்துவர். எனக்குப் பின்னால் நின்று கழுத்தில் விரல்களை வைத்து, தண்ணீர் குடிக்கச் சொன்னார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பேனாவை மேலும் கீழும் அசைத்துக் கண்களைப் பார்த்தார். பிறகு, "வீட்ல வேற யாருக்காவது தைராய்டு, கழுத்து வீக்கம் இருக்கா?" என்று கேட்டார்.

அண்ணன் பர்ஸிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தார். மருத்துவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரு?"

"எங்க அக்கா மேடம்."

"இப்ப எங்க இருக்காங்க?"

அண்ணன் இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார். என்ன நடந்தது என்பதை மெதுவாகக் கேட்டு வாங்கிக்கொண்டார் மருத்துவர். "போட்டோவ வச்சு எதையும் உறுதியா சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அந்தக் கண்களையே பார்த்தார்.

"எங்க அக்காவக் காப்பாத்தியிருக்கலாமா மேடம்?"

மருத்துவர் போட்டோவை அண்ணனின் கையில் திருப்பிக் கொடுத்தார். "இப்ப இந்தப் பொண்ணப் பாப்போம் தம்பி" என்றார். கேட்டதற்கு அதுதான் பதில் என்று எனக்கே புரிந்தது.

இரண்டு நாளில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கழுத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி எனக்கு அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்றார் மருத்துவர். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தவறிப்போய் அந்தச் சுரப்பியை ஓயாமல் தூண்டிவிடுகிறதாம். அதனால்தான் பசியும் மெலிவும், நடுக்கமும் தூக்கமின்மையும், கையெழுத்து கெட்டதும், கோபமும். கவனிக்காமல் விட்டு, நடுவில் காய்ச்சலோ வேறு நோயோ வந்தால் இதயம் தாங்காமல் போகலாம். "இது பேயும் இல்ல, இந்தப் பொண்ணோட குணமும் இல்ல. மருந்து இருக்கு" என்றார். என் குணம் கெட்டுப்போகவில்லை என்று கேட்டதும் நான் அழுதுவிட்டேன்.

சுரப்பியை அடக்க கார்பிமசோல் என்ற மாத்திரையும், நெஞ்சு படபடப்பைக் குறைக்க இன்னொரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது எங்களை நிறுத்தி ஒன்று சொன்னார். "காய்ச்சல், தொண்டைவலி, வாய்ப்புண். இதுல எது வந்தாலும் கார்பிமசோலை நிறுத்திட்டு அன்னைக்கே ரத்தத்துல வெள்ளையணு எத்தனைன்னு பாக்கணும். இந்த மாத்திரை சிலருக்கு வெள்ளையணுவை அழிச்சிரும், ரொம்ப அபூர்வமாத்தான் வரும். வந்துட்டா மறுநாள் வரைக்கும் காத்திருக்கக் கூடாது."

அண்ணன் அதை என்னைக் கொண்டு ஒரு தாளில் எழுதவைத்தார். நடுங்கிய கையெழுத்தில் எழுதினேன். அந்தத் தாளை அம்மாவிடம் படித்துக் காட்டினார், அப்பா காதில் விழும்படியும் படித்தார். அப்பா கேட்டும் கேட்காதவர் போல இருந்தார்.

அதற்குப் பிறகு வந்த காலைகளை நினைத்தால் இன்றும் எனக்கு மூச்சு முட்டும். எழுந்ததும் கையை நீட்ட வேண்டும். நாடி எண்ண வேண்டும். வாயைத் திறந்து, "ஆ" என்று சொல்ல, அண்ணன் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்ப்பார். மதியம் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நிற்பார். கூடப்படித்த பிள்ளைகள், "ஒங்க அண்ணன் போலீஸு வந்துருக்கு" என்று சிரிப்பார்கள். மாத்திரை வேலை செய்தது. ஐந்தாறு வாரத்தில் நடுக்கம் குறைந்தது, தூக்கம் வந்தது. பாவாடைக்கு ஊக்கு தேவைப்படவில்லை. நான் குணமாகக் குணமாக அண்ணனின் பயம் எனக்குப் பாரமானது. அவர் என்னைப் பார்க்கவில்லை, என்னில் அக்காவைத்தான் பார்க்கிறார் என்று தோன்றும். அது எனக்குக் கோபமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

இனி எழுதப்போவதை நான் இதுவரை அண்ணனையும் அம்மாவையும் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

காலாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அண்ணன் புண்ணாக்கு லோடு எடுக்கத் தூத்துக்குடிக்குப் போயிருந்தார். அவர் போன அன்றே எனக்குத் தொண்டை கரகரத்தது. மறுநாள் எச்சில் விழுங்கினால் வலித்தது. அந்தத் தாள் சுவரில்தான் ஒட்டியிருந்தது, என் கையெழுத்திலேயே. ஆனாலும் நான் சொல்லவில்லை. பரீட்சை போய்விடும் என்று நினைத்தேன். மறுபடி ஊசி, பஸ், மதுரை என்று நினைத்தேன். டார்ச் இல்லாத காலை எவ்வளவு சுகம் என்றும் நினைத்தேன். வலியோடேயே அந்த மாத்திரையையும் விழுங்கினேன்.

மூன்றாம் நாள் மதியம் அண்ணன் திரும்பி வந்தபோது நான் கஞ்சியை வைத்துக்கொண்டு குடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். வாயோரம் எச்சில் வழிந்தது. அண்ணன் நெற்றியில் கை வைத்தார். டார்ச்சை எடுத்து வந்து தொண்டையைப் பார்த்தார். உள்ளே வெள்ளைவெள்ளையாகப் புண்.

"எத்தன நாளாச்சு?"

"இன்னைக்குத்தான்."

"என்னயப் பாத்துச் சொல்லு."

"முந்தாநாத்து."

அண்ணன் டார்ச்சை அணைத்துவிட்டு மாத்திரை அட்டையைத் தேடி எடுத்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இவ்வளவு காலம் எனக்கு வலித்திருக்காது.

அப்பா என்னைப் பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அங்கே இருந்தவர் பார்த்துவிட்டு, தொண்டை வீங்கியிருக்கிறது, ஊசி போட்டால் இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார்.

"வெள்ளையணு பாக்கணும் சார். இந்த மாத்திரை சாப்புடுற பிள்ள" என்று அண்ணன் மாத்திரை அட்டையைக் காட்டினார்.

"எதுக்குத் தம்பி இப்படி வீணாப் பயப்படுறீங்க?"

அண்ணன் அவரோடு வாதாடவில்லை. வெளியே வந்து சிக்கந்தருக்குப் போன் செய்தார். வீரசோழனில் வியாபாரம் செய்கிற சிக்கந்தர் பாய் அண்ணனோடு ஒன்றாகப் படித்தவர். பந்தல்குடியில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தவர், பாதி மூட்டைகளை வண்டியிலேயே வைத்துக்கொண்டு வந்து நின்றார். அப்பாவும் ஏறிக்கொண்டார்.

அருப்புக்கோட்டையில் ரத்தம் எடுத்த லேப்காரர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது தாளை அண்ணனிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "மெஷின் தப்பாக் காட்டுதோன்னு ரெண்டு தடவ ஓட்டுனேன். வெள்ளையணு இல்லவே இல்லங்கிற மாதிரி இருக்கு. எங்கயாச்சும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒடனே போங்க."

அப்பா அந்த லேப்காரரின் முகத்தையே பார்த்தார். அதுவரை அப்பாவின் முகத்தில் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மதுரை மருத்துவர் போனில் சொன்னார்: "மாத்திரைய நிறுத்துங்க. முகத்துல துணி கட்டிவிடுங்க. வழியில எங்கயும் நிக்காதீங்க."

சிக்கந்தர் பாய் மூட்டைகளை லேப் வாசலிலேயே இறக்கிப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். நான் அண்ணனின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தேன். குளிரில் பல் தந்தியடித்தது. அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தார். எண்ணுவதை ஒருமுறைகூட நிறுத்தவில்லை.

"பயப்படாத மாப்ள, போயிரலாம்" என்றார் சிக்கந்தர் பாய்.

"நீ ஓட்டு" என்றார் அண்ணன். மறுபடி எண்ணத் தொடங்கினார். அவர் இப்போது அக்காவைக் கொண்டுபோன வேனில்தான் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. செத்துவிடுவேனோ என்ற பயம் எனக்கு அப்போதுதான் முதல்முறையாக வந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைத் தனி அறையில் வைத்தார்கள். உடம்பில் கிருமியோடு சண்டை போட ஆளே இல்லாததால், வெளியாட்கள் யாரும் உள்ளே வரக்கூடாது. கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம். அதில் அண்ணனின் முகம் மட்டும் தெரியும். தினமும் காலையில் ரத்தம் எடுப்பார்கள். முடிவு வந்ததும் செவிலியரிடம் அண்ணன், "இன்னைக்கு எத்தன சிஸ்டர்?" என்று கேட்பது உதட்டசைவில் தெரியும். முதல் நாளைவிட இரண்டாம் நாள் குறைந்தது. மூன்றாம் நாள் இன்னும் குறைந்தது. அன்று கண்ணாடியில் அண்ணனுக்குப் பின்னால் அப்பாவின் முகமும் தெரிந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த இரண்டு முகத்தையும் பார்க்க முடியாமல் நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆறாம் நாள் காலை செவிலியர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வெள்ளையணு ஏறத் தொடங்கிவிட்டது. அண்ணனின் முகம் கண்ணாடியிலிருந்து சரிந்து மறைந்தது. சுவரோரம் உட்கார்ந்து அழுதார் என்று அம்மா பிறகு சொன்னார்.

பிழைத்துவிட்டேன். ஆனால் அந்த மாத்திரையை இனி வாழ்நாளில் தொடக்கூடாது. தொடாவிட்டால் சுரப்பி மறுபடி ஓடத் தொடங்கும். கழுத்தில் அறுவைசிகிச்சை செய்து சுரப்பியை எடுத்துவிடுவதே என் நிலைமைக்கு நல்லது என்றார் மருத்துவர். கையெழுத்துப் போட வேண்டியவர் அப்பா. அப்பா இருக்கும்போது அண்ணனின் கையெழுத்து செல்லாது.

"பொம்பளப் பிள்ள கழுத்துல கத்தி வைக்கவா? தழும்பப் பாத்துட்டு எவன் வருவான் கட்டிக்கிட?" என்றார் அப்பா, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே.

"யாரும் வராட்டிப் போகட்டும். நான் வச்சுப் பாத்துக்கிறேன்." அண்ணன் அப்பாவுக்கு எதிரே சத்தமாகப் பேசி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "எனக்கு ஒரு அக்கா இல்லாமப் போச்சு. ஒரு தங்கச்சியாவது வேணும்ப்பா."

அப்பா படியிறங்கிப் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, எங்கே போட வேண்டும் என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார்.

புண்களெல்லாம் ஆறி உடம்பு தேறியதும் அறுவைசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன் சில நாட்கள், சுரப்பியை அடக்குவதற்காக அயோடின் சொட்டுகளைத் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். துருப்பிடித்த ஆணியைச் சப்புவது போல இருக்கும். அறுவைசிகிச்சை முடிந்து கண் விழித்தபோது, "பேசும்மா" என்றார் மருத்துவர். "அண்ணே" என்றேன். காற்றுதான் வந்தது. அண்ணனின் முகம் வெளுத்துப்போனது. குரல் நரம்புக்குப் பக்கத்தில் செய்கிற அறுவை, கொஞ்ச நாள் இப்படி இருக்கலாம் என்றார்கள். உதடும் விரல் நுனியும் மரத்துப்போனதால் சுண்ணாம்புச் சத்து ஏற்றினார்கள். குரல் திரும்ப இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை அண்ணன் தினமும் என்னை ஏதாவது பாடத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்றும் நான் உரக்கக் கத்த முடியாது.

சுரப்பி இல்லாததால், அது சுரக்க வேண்டியதை மாத்திரையாக வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும். விடியற்காலை வெறும் வயிற்றில் ஒரே ஒரு மாத்திரை. பதினேழு வருடமாகச் சாப்பிடுகிறேன். படித்தேன், திருமணம் ஆனது, இரண்டு பிள்ளைகள் பெற்றேன். கர்ப்பமாக இருந்தபோது மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. பிறந்த குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்க்கும்வரை அண்ணன் ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை.

அண்ணனின் திருமணப் பேச்சு வந்தபோது, பெண் பார்க்கப் போன இடத்தில் அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அக்கா இறந்தது, எனக்கு ஆப்பரேஷன் ஆனது, பிறக்கிற பிள்ளைக்கும் வரலாம் என்பது உட்பட. அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் மதினி சரி என்றார். "மறைக்காமச் சொன்ன ஒரே மாப்ள அவுகதான்" என்று இன்றும் சொல்வார்.

கடைக்கு வருகிற விவசாயச் சம்சாரிகளின் பிள்ளைகளையும் அண்ணன் விட்டுவைக்கவில்லை. கழுத்தை உற்றுப் பார்ப்பார். "பிள்ள ஏன் இப்படி வாடியிருக்கு?", "இது என்ன வயசுக்குத் தக்க வளத்தியில்லையே?" என்று கேட்டு, ரத்தம் பார்க்கச் சொல்வார். சிலர் கோபப்பட்டு வேறு கடைக்குப் போனார்கள். "புண்ணாக்கு டாக்டர்" என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்களும் உண்டு. அவர் சொல்லிப் பரிசோதித்ததில் பல பிள்ளைகளுக்கு ஒன்றும் இருக்காது. இரண்டு பேருக்கு இருந்தது. அதில் ஒரு பெண் இப்போது நர்சிங் படிக்கிறாள். அண்ணன் இறந்த அன்று அவள் தன் அப்பாவோடு வந்து வாசலில் நின்றாள்.

சென்ற வருடம் அண்ணனுக்கு இரண்டு நாளாக இடது தோள்பட்டையில் வலி இருந்தது. மூட்டை தூக்கியதால் பிடித்துக்கொண்டது என்று தைலம் தடவிக்கொண்டார். ஊருக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவரை எங்களில் ஒருவரும் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போகவில்லை. மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு, கடையில் தவிட்டு மூட்டையின்மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருக்கு முப்பத்தொன்பது வயது.

அண்ணனின் மகளுக்கு இப்போது பதினொரு வயது. அவளுக்கு வருடா வருடம் ரத்தம் பார்ப்பதை அண்ணன் விடாமல் செய்துவந்தார். அவர் போன துக்கத்தில் அந்த நாள் தப்பிப்போனது. பிள்ளை எந்நேரமும் தூங்கினாள். முகம் உப்பியது. மலச்சிக்கல், தோல் வறட்சி. போன வருடத்து யூனிஃபாரம் உயரத்தில் அப்படியே சரியாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் மந்தமாக இருக்கிறாள் என்றார்கள். அப்பனைப் பறிகொடுத்த ஏக்கம் என்று எல்லோரும் சொன்னோம். கழுத்தில் தழும்போடு இருக்கிற நானும் அதைத்தான் சொன்னேன்.

அப்பாதான் ஒருநாள் பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு மதினியிடம் கேட்டார். "இந்த வருசத்து டெஸ்டு எடுத்தீகளா?"

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்பா செருப்பை மாட்டினார்.

அதே மதுரை மருத்துவர்தான். தலை நரைத்திருந்தார். பிள்ளைக்குச் சுரப்பி மந்தமாகிவிட்டது என்று பரிசோதனையில் தெரிந்தது. எனக்கு அளவு மீறி ஓடியது, இவளுக்கு ஓய்ந்துகொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பத்தில் வரக்கூடியவைதான் என்றார். இன்னும் ஓரிரு வருடம் விட்டிருந்தால் வளர்த்தியே நின்றுபோயிருக்கும், இப்போதே மாத்திரை தொடங்கினால் பிடித்துவிடலாம் என்றார். பிறகு புதிய சீட்டில் எழுதுவதற்காக, குடும்பத்தில் யாருக்கெல்லாம் இருந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசினார்.

"என் மூத்த மக ஒருத்தி இருந்தா. பதினாறு வயசு." அப்பா அக்காவின் பெயரைச் சொன்னார். நான் அவர் வாயிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டது அதுதான் முதல் முறை. "ஊருக்குப் பயந்து நாந்தான் அவள ஆஸ்பத்திரியில காட்டாம விட்டேன். அதையும் எழுதிக்கங்கம்மா."

மருத்துவர் எழுதிக்கொண்டார். பிள்ளை தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு உயிர் கொடுத்த அந்த மருத்துவருக்கும், கண்ணாடிக் கதவுக்கு வெளியே எங்கள் வீட்டாரைத் தாங்கிப் பிடித்த செவிலியர்களுக்கும், இரண்டு முறை ரத்தத்தை ஓட்டிப் பார்த்த லேப்காரருக்கும் எங்கள் நன்றி. மூட்டைகளை ரோட்டில் போட்டுவிட்டு வந்த சிக்கந்தர் பாய், அண்ணனைத் தூக்கிப் போனபோதும் முன்னால் தோள் கொடுத்தவர். அவருக்கு நன்றி என்று எழுதினால் கோபித்துக்கொள்வார். எழுதிவிட்டேன். துக்கத்தில் கூட நின்று, மதினியையும் பிள்ளையையும் தனியாக விடாமல் பார்த்துக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

திதியன்று காலை, சாமி கும்பிடுவதற்கு முன், நம் வீட்டில் ரத்தம் எடுக்க ஆள் வருகிறார். அப்பாவின் ஏற்பாடு. நம் சொந்தத்துப் பிள்ளைகளை, பெண்பிள்ளை ஆண்பிள்ளை என்று பார்க்காமல், கூட்டி வாருங்கள். முடிவை அந்தந்தப் பெற்றோர் கையில் மட்டும் கொடுப்போம். மருத்துவம் செய்ய மதுரைக்கு யார் போக வேண்டியிருந்தாலும் நான் கூட வருகிறேன்.

முதலில் என் இரண்டு பிள்ளைகளுக்கும்தான் எடுக்கிறோம். பெரியவள் கொஞ்ச நாளாகச் சரியாகத் தூங்குவதில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அவர்களைக் கூட்டிக்கொண்டு ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுவேன். நீங்களும் வாருங்கள்.